தேவியிடம் கேட்காமல் எடுத்தது

தம்பி,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும் என்பார்கள். உன்னைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். நன்றாகவே இருக்கிறாய், கொஞ்சம் தொந்திகூடப் போட்டிருக்கிறாய். நீ திரும்பிப் போனதிலிருந்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. காய்ச்சல் கீய்ச்சல் எதுவும் இல்லை, பயப்படாதே. குமட்டல், அவ்வளவுதான். உன்னை நினைத்தால் குமட்டுகிறது. என்னை நினைத்தால் அதைவிட அதிகமாகக் குமட்டுகிறது. பெற்ற மகனுக்கு இப்படியா எழுதுவது என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். மூன்றாவது தாளிலும் அதே வார்த்தைதான் வந்து நின்றது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று மேலே எழுதுகிறேன்.

கோலாலம்பூரிலிருந்து இரவல் மோட்டார் காடியில் வந்து நம் வீட்டு வாசலில் நீ இறங்கியபோது, நம் கஜா பெராங் தெருவில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்கு ஏதோ வாங்கி வந்திருக்கிறான் என்று நினைத்தேன். நீ இறக்கியது ஐஸ் போட்ட பெட்டியும் ஒரு டஜன் கண்ணாடி ஜாடிகளும். சாப்பிடக்கூட உட்காராமல், என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன், பிரசவ வார்டைப் பார்க்க வேண்டும் என்றாய். போகும் வழியெல்லாம் பேசினாய். குழந்தை பிறந்த பிறகு வெளியே வருகிற நஞ்சுக்கொடியும், அதைச் சேர்ந்த பனிக்குடச் சவ்வும், தொப்புள்கொடியும் செத்த சதை இல்லை, உயிருள்ளவை என்றாய். அவற்றைப் பொடிப் பொடியாக நறுக்கிக் கண்ணாடிக் குப்பியில் ஊட்டம் ஊற்றி வைத்தால், கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்கள் பெருகுகின்றன என்றாய். இதுவரை இதற்காகக் குரங்கைக் கொன்று சிறுநீரகத்தை எடுத்தார்கள், மனிதனுடைய எலும்பைத் துளைத்துக்கூட எடுத்துப் பார்க்கிறார்கள், இனிமேல் அதெல்லாம் வேண்டாம், யாரையும் அறுக்க வேண்டாம், யாருக்கும் வலிக்காது என்றாய். தொப்புள்கொடிக்குள் இருக்கிற வழவழப்பான கூழில் என்ன இருக்கிறது என்று நீயே தேடிப் பார்க்கப் போவதாகச் சொன்னபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்குப் பிடித்திருந்தது. மாதக் கடைசிக்குள் உன் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போதிய அளவு சேர்த்துக் கொடுத்துவிட்டால், சீமைக்குப் படிக்க அனுப்புகிறவர்களில் உன் பெயரும் இருக்கும் என்றாய். நான் நான்காம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை விட்டவள். நீ சொன்னதில் பாதிதான் புரிந்தது. ஆனால் அந்தப் பாதியை நான் நம்பினேன். ஏன் நம்பினேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு கழுவும் அறைக்குள் வந்தாய். வாசலிலேயே கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாய். பதினான்கு வருஷமாக உன் அம்மா நிற்கிற இடம் அது. அந்த வாடையில் நின்று சம்பாதித்துத்தான் நீ படித்தாய் என்றெல்லாம் சொல்லிக்காட்ட நான் வரவில்லை. பழக்கமில்லாதவனுக்கு மூக்கு சுளிக்கத்தான் செய்யும். ஆனால் வாளியில் கிடந்ததை நான் கையில் எடுத்துக் காட்டியதும், இடுக்கியால் புரட்டிப் பார்த்து "நல்லா இருக்கு" என்றாயே, பசாரில் மீன் பார்ப்பதுபோல, அங்கேதான் எனக்கு முதல் குமட்டல் வந்தது. அடுத்த அறையில் அதைப் பெற்றவளை இன்னும் துடைத்துக்கூட முடிக்கவில்லை. அவள் முனகுவது நமக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

"பெத்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும், தம்பி" என்றேன்.

"கேக்கறதுக்கு என்னாம்மா இருக்கு? எரிக்கப்போற குப்பைதானே இது. நீங்க ஆயாங்ககிட்ட சொல்லி வச்சிடுங்க, போதும். கேட்டா அவங்க உடனே புதைக்கணும், பூஜை போடணும்னு ஆரம்பிச்சிடுவாங்க."

"யாருடா அவங்க?"

"இவங்கதாம்மா. படிக்காதவங்க."

அப்புறம் நீ குழாயடிக்குப் போய் மூன்று தடவை சோப்பு போட்டுக் கை கழுவினாய். எதையும் தொடாத கை அது. போகும்போது, நாடு இப்போது நம்முடையது, இனி ஆராய்ச்சியும் நம்முடையது என்று வேறு பேசிவிட்டுப் போனாய். மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து, வார்டில் வெள்ளைக்கார சிஸ்டர் போய் நம் ஊர் சிஸ்டர் வந்துவிட்டார், உண்மைதான். ஆனால் வெள்ளைக்காரனும் கேட்காமல் எடுத்தான், நீயும் கேட்காமல் எடுக்கிறேன் என்கிறாய். அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன மாறியது என்று எனக்கு விளங்கவில்லை.

உன்னை மட்டும் திட்டிவிட்டு நான் நல்லவளாகத் தூங்கப் போக முடியாது. கேட்காமல் எடுக்கும் வேலையை இந்த வீட்டில் முதலில் செய்தவள் நான். உனக்காகத்தான் செய்தேன். உன் அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டுத் திரும்பாதவர் என்பது உனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்தது அதற்கு அடுத்த வருஷம். உன் மாமா வீட்டில் எனக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தார்கள். பிரசவ அழுக்கைத் தொடுகிறவளாம். அந்த டம்ளரில் காப்பி குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவேன். அதற்குக் கோபப்படுவதை விட்டுவிட்டு, எனக்குக் கீழே யார் என்று தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குடியிருப்பான செட்டிக் கம்பத்துக்காரர்கள் கண்ணில் பட்டார்கள். நம் சாமியைக் கும்பிடுகிறார்கள், திருநீறு பூசுகிறார்கள், ஆனால் தமிழ் வராது, மலாய்தான் பேசுகிறார்கள், மலாய்ப் பெண்கள் போலக் கெபாயாச் சட்டை போடுகிறார்கள் என்று நான்கு பேரோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அவர்களில் ராமுவையும் அவன் மனைவி தேவியையும் உனக்கு நன்றாகத் தெரியும். நம் வீட்டிலிருந்து நான்காவது வீடு. ராமு அப்போதும் இப்போதும் ஜாலான் பெண்டஹாரா சாலையில் ஒரு ஜவுளிக்கடையில்தான் வேலை பார்க்கிறான்.

ஜப்பான்காரன் போய், வெள்ளைக்காரன் திரும்பி வந்த சமயம். அரிசி கிடைப்பதே அபூர்வம். மரவள்ளிக் கிழங்கை அடுப்பில் ஏற்றியிருந்தேன். நீ பசியில் காத்திருந்தாய். இன்னும் வேகவில்லை, தொடாதே என்று அதட்டிவிட்டுத் துணி உலர்த்தப் போனேன். ஒரு துண்டை எடுக்க எம்பியிருக்கிறாய், சட்டி மொத்தமும் உன் மேல் கவிழ்ந்துவிட்டது. உனக்கு ஒன்பது வயது. நெஞ்சும் வயிறும் தோல் கழன்று போயிருந்தன. அந்த வாடை எனக்கு இன்னும் போகவில்லை, அதை எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, நல்ல துணியும் இல்லை. காலையில் வைத்துக் கட்டிய துணியை மாலையில் பிரித்தால் சதையோடு வரும். நீ கத்துவது பிரசவ வார்டு வரை கேட்கும். நான் அங்கே வாளி கழுவிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நான்காம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். தொடையிலிருந்து தோலை எடுத்து ஒட்டலாம், ஆனால் பையன் தாங்கமாட்டான் என்றார். வேறு ஒரு வழி இருக்கிறது, வேறு ஊரில் செய்து பார்த்திருக்கிறேன், நோய் இல்லாத பெண்ணின் பனிக்குடச் சவ்வை உரித்து உப்புத் தண்ணீரில் கழுவிக் கொண்டுவந்தால் புண் மேல் போர்த்திவிடலாம் என்றார். யாரிடமும் இதைப் பற்றிப் பேச வேண்டாம், வீண் தகராறு வரும் என்றும் சொன்னார். அன்றைக்கு வார்டில் மூன்று பிரசவம். ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்கு உடம்பெல்லாம் சிரங்கு. மூன்றாவது தேவி. தலைச்சன். திடமான பெண்.

ராமு அன்று காலையிலேயே மண்சட்டியும் வெள்ளைத் துணியும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அவர்கள் வீட்டு வழக்கம் அது. நஞ்சுக்கொடியை வீட்டுக்கு எடுத்துப் போய், உப்பும் புளியும் போட்டுக் கழுவி, துணியில் சுற்றி வீட்டோரமாகப் புதைப்பார்கள். குழந்தையோடு கூடவே வந்தது அல்லவா, அதனால் அதற்கும் மரியாதை. நான் அவனிடம் போய்க் கேட்டிருக்கலாம். ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தான், கூப்பிடு தூரம். கேட்கவில்லை. டாக்டர் சொன்னார் என்பது ஒரு சாக்கு. கொடுக்கமாட்டான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இவர்களிடம் போய் நான் கெஞ்சுவதா என்ற நினைப்பும் உள்ளே இருந்தது. அதுதான் உண்மை, எழுதிவிட்டேன்.

கழுவும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உரித்தேன். பால் ஆடை போல மெல்லிசு, ஆனால் இழுத்தால் கிழியாது. எத்தனையோ நஞ்சுக்கொடியைக் கை கூசாமல் அள்ளிப் போட்டவள் நான். அன்று என் கை கூசியது. எவள் வயிற்றிலிருந்தோ வந்ததை என் பிள்ளை மேல் போர்த்தப் போகிறார்களே என்று அருவருப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மிச்சத்தையும் உரித்தேன். டாக்டர் அதை உன் நெஞ்சின் மேல் விரித்தார். கொஞ்ச நேரத்தில் உன் அழுகை நின்றது. வலிக்கலையா என்று கேட்டேன், குளுகுளுன்னு இருக்கும்மா என்றாய். நான்கு நாளில் முதல் தடவையாக நீ தூங்கினாய். உன் நெஞ்சு இன்று வழவழப்பாக இருக்கிறது, வயிற்றுத் தோல் மட்டும் சுருங்கிக் கிடக்கிறது. சவ்வு நெஞ்சுக்குத்தான் போதுமானதாக இருந்தது. போன ஞாயிறு நீ சொன்னதை நான் நம்பியது இதனால்தான்.

இதோடு முடிந்திருந்தால் திருட்டு என்று மட்டும் சொல்லி அழுதிருப்பேன். சட்டியைத் துணி போட்டு மூடி ராமுவிடம் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவர்கள் வீட்டில் கழுவுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டா கழுவுவார்கள்? அவர்கள் கம்பத்து மருத்துவச்சி விரித்துப் பார்த்திருக்கிறாள். சதை இருக்கிறது, சவ்வு இல்லை. அன்று பிற்பகலே ராமு சட்டியோடு ஓடி வந்தான். மூச்சு வாங்கியது. "அக்கா, இனி தக் சுக்குப்" என்றான். இது முழுசாக இல்லை, மிச்சம் தேவியின் வயிற்றுக்குள் தங்கிவிட்டது, அவள் செத்துவிடுவாள் என்று மருத்துவச்சி சொன்னாளாம். சவ்வு உள்ளே தங்கினால் ரத்தம் நிற்காது, காய்ச்சல் வரும் என்பது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டர் தோட்டப்புறத்துக்குப் போயிருந்தார். சிஸ்டர் என்னைப் பார்த்துக் கேட்டார், நீ எடுத்தபோது முழுசாக இருந்ததா என்று.

நான் கவனிக்கவில்லை என்றேன்.

இருந்தது, நான்தான் உரித்தேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் வேலை போகும், உன் நெஞ்சில் இருப்பதையும் எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். தேவியை மறுபடியும் மேசை மேல் ஏற்றினார்கள். மயக்க மருந்து இல்லை. உள்ளே கையை விட்டுத் தேடினார்கள். இல்லாத ஒன்றைத் தேடினார்கள், தம்பி, அதனால் தேடி முடிக்கவே முடியவில்லை. அவள் காலை அசையாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. நான்தான் பிடித்துக்கொண்டேன். "சாகித், அக்கா, சாகித்" என்றாள், வலிக்குது என்று என்னைத்தான் கூப்பிட்டாள், தெரிந்த முகம் நான் ஒருத்திதானே அங்கே. கொஞ்சம் பொறுத்துக்கோம்மா என்றேன். என் வாயால் அதைச் சொன்னேன்.

அதன் பிறகுதான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பதினோரு நாள். பிழைத்துக்கொண்டாள். மேசையில் ஏற்றிய மறுநாளே டாக்டர் திரும்பி வந்து நடந்ததைக் கேட்டதும், அவர்களிடம் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றேன். தன் கையைப் பார்த்துக்கொண்டே அவள் தேறிவிடுவாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் இருவரில் யார் அதிக அசிங்கம் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. தேவிக்கு அந்த ஒரு பெண்ணோடு சரி, அப்புறம் குழந்தையே இல்லை. அதனால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அந்தப் பெண் என்னை அத்தை என்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் தேவி தட்டு நிறையப் பலகாரம் வைத்து அதன் கையில் கொடுத்து அனுப்புவாள். பன்னிரண்டு வருஷமாக அதில் ஒரு துண்டுகூட நான் வாயில் வைத்ததில்லை, எல்லாம் கோழிக்குத்தான். அம்மாவுக்கு அவர்கள் சமையல் பிடிக்காது என்று நீ கேலி செய்வாயே, நானும் சிரித்துச் சமாளித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். நீ போன ஞாயிறு பேசியதைக் கேட்ட பிறகு, இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மேல் நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டியதுதான் என்று தோன்றியது. ராமு இருந்தான், தேவி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். உரித்தது, மறைத்தது, பொய் சொன்னது, எதையும் விடவில்லை. ராமு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "கலு அக்கா மிந்தா, சாயா காசி" என்றான். அக்கா கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேன். அவ்வளவுதான் சொன்னான்.

தேவி கத்தியைக் கீழே வைத்தாள். அன்றைக்கு என் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது நீங்கள்தானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீர் மொண்டு மொண்டு கை கழுவும் சத்தம் கேட்டது. நான் வந்ததும் என் கையைப் பிடித்துத்தான் உள்ளே அழைத்திருந்தாள். என்னைத் தொட்டுவிட்டுக் கை கழுவியவர்களை ஆயுசு முழுக்கப் பார்த்து வயிறெரிந்தவள் நான். அன்றுதான், கழுவட்டும், சரிதான் என்று உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்தே சொன்னாள், "சூரு டியா டாத்தாங்" என்று. அவனை வரச் சொல்லுங்கள் என்று அர்த்தம். என் முகத்தைப் பார்க்க அவள் வெளியே வரவில்லை.

இனி நீ கேட்ட காரியம். ஆயாக்கள் எல்லோரிடமும் பேசிவிட்டேன், நீ சொல்லச் சொன்னதை அல்ல. தாய் சம்மதம் சொல்லாமல் ஒரு துணுக்கும் உன் ஜாடிக்குள் போகாது. வேண்டுமானால் நீயே வா. கைக்குட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் உட்காரு. எதற்கு எடுக்கிறாய், என்ன செய்யப் போகிறாய் என்று அவர்கள் பேச்சிலேயே சொல். படிக்காதவர்களுக்கும் புரியும், எனக்கே பாதி புரிந்ததே. புதைக்க வேண்டும் என்கிறவளிடம் சரி என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போ. கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள். மாதக் கடைசிக்குள் சேராமல் போனால் சீமை இந்த வருஷம் இல்லை. அதற்காக நீ என்னோடு பேசாமல் இருந்தாலும் சரி, நான் இந்த முடிவை மாற்றப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வா, காடி வேண்டாம். முதலில் நம் வீட்டுக்கு வராதே, தேவியின் வீட்டுக்குப் போ. நான் கூட வரமாட்டேன், அவள் கூப்பிட்டது உன்னை. அந்தச் சவ்வு பத்து நாளில் காய்ந்து உதிர்ந்துவிட்டது, இப்போது இருப்பது என் சொந்தத் தோல் என்று உன் படிப்பை அங்கே போய் அளக்காதே. உதிர்ந்ததைப் பொறுக்கிப் போட்டவள் நான்தான், எனக்கும் தெரியும். அவள் பார்க்க வேண்டும் என்றால் வெட்கப்படாமல் சட்டையைக் கழற்று. தொட்டுப் பார்க்கக் கை நீட்டினால் நகர்ந்துவிடாதே.

அம்மா